புது ரவுட்டர் வாங்கும் முன் வீட்டை ஒரு சுற்று நடந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைஃபை பற்றியவை. காரணம் எனக்குப் புரிகிறது. ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லாரும் வீட்டில்தான். பிள்ளைகளுக்கும் லீவு. வருடம் முழுக்க இரண்டு போனைச் சுமந்த ரவுட்டர் பெட்டியை இப்போது ஏழெட்டுப் போனும் ஒரு டிவியும் பிடித்து இழுக்கின்றன. இத்தனை நாள் தெரியாத குறையெல்லாம் இப்போது தெரியும்.

*

கேள்வி: கீழக்கரையில் எங்கள் வீடு என் வீட்டுக்காரருடைய தாத்தா காலத்தது. ஃபைபர் இணைப்பு எடுத்து மூன்று மாதம் ஆகிறது. பெட்டியை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். முன்னறையில் நன்றாக வருகிறது. முற்றம் தாண்டினால் ஒரு கோடு, அடுக்களைப் பக்கத்து அறையில் அதுவும் இல்லை. வீட்டுக்காரர் சவுதி தம்மாமிலிருந்து வீடியோவில் பேசும்போது மாமி எழுந்து வாசலுக்கு வரவேண்டியிருக்கிறது. அவர்களுக்கு முழங்கால் வலி. கடையில் ஆறு ஆண்டெனா வைத்த ரவுட்டரைக் காட்டி ஏழாயிரம் சொல்கிறார்கள். வாங்கலாமா அண்ணே?
— வாசகி, கீழக்கரை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் தங்கச்சி. அந்த ஏழாயிரத்தையும் போட்டு அதே வாசலில் மாட்டினால் மாமி மறுபடியும் வாசலுக்குத்தான் வருவார்கள்.

உங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவரை நான் உள்ளே பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் கேபிள் நுழைப்பதற்காக வெண்டிலேட்டர் ஓரத்தில் காரையைக் கொஞ்சம் பெயர்த்தேன். உள்ளே பவளக்கல். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, தொட்டால் சில்லென்று, விரலில் ஈரம் ஒட்டியது. மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு அடி நீள ட்ரில் பிட் முழுசாக உள்ளே போயும் மறுபக்கம் வரவில்லை. வைஃபை என்பது ரேடியோ அலை, அதை விழுங்குவதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. இத்தனை கனமான சுவர், அதற்குள் உப்பு, அந்த உப்பு பிடித்துவைத்திருக்கும் ஈரம். இப்படி மூன்று சுவர் கடந்து அடுக்களைக்கு அலை போய்ச் சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மோசமாக இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

ஆண்டெனா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டெனா இருந்தால் ஆறு மடங்கு தூரம் போகும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு ரவுட்டர் எவ்வளவு பலமாக அலையை அனுப்பலாம் என்பதற்குச் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. விலை கூடிய பெட்டிக்கும் அதே வரம்புதான். கூடுதல் ஆண்டெனா பெரும்பாலும் ஒரே நேரத்தில் பல தாரையாகத் தகவல் அனுப்புவதற்கு. உங்கள் போனுக்குள் இருப்பதோ பெரும்பாலும் இரண்டு ஆண்டெனா. இன்னொன்றும் இருக்கிறது. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் பேசுவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். சின்ன பேட்டரியில் ஓடும் போனின் குரல் எப்போதும் மெலிந்ததுதான். பெட்டி எவ்வளவு பெரிதானாலும் போனின் குரல் அப்படியேதான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் வேகச் சோதனை போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அங்கே 90 சொச்சம் வந்தால் இணைப்பில் குறை இல்லை. அப்புறம் முற்றத்தில், மாமியின் அறையில், அடுக்களையில் நின்று பாருங்கள். வரும் எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் எந்தச் சுவரில் சரிகிறது என்று அதுவே காட்டிவிடும். என் ஊகம், முற்றத்துக்கு முந்தைய சுவரில்.

முற்றம்தான் உங்களுக்கு வரம். மேலே திறந்த வெளி, சுற்றிலும் எல்லா அறைக்கும் கதவு. பெட்டி முற்றத்தைப் பார்த்த கூடத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் அலை கதவு வழியாகவே எல்லா அறைக்கும் போகும். அதனால் இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு ஃபைபரை அதுவரை நீட்டித் தரச் சொல்லுங்கள். கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். புது ரவுட்டரைவிட அது மலிவு. வைக்கும்போது இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஃபிரிட்ஜ் இவற்றின் பக்கம் வேண்டாம். இரும்பும், கண்ணாடிக்குப் பின்னால் பூசிய ரசமும் அலையைத் திருப்பி அடித்துவிடும்.

அவர்கள் முடியாது என்று சொன்னால் வாசல் பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை (பெட்டிகளை இணைக்கும் நெட் ஒயரை) இறவாரத்தை ஒட்டியே முற்றம் வரை கொண்டுவந்து அங்கே இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வையுங்கள். கேபிளைக் கரண்ட் ஒயரோடு ஒரே குழாயில் போடக் கூடாது. சுவரைத் துளைக்காதீர்கள், வெண்டிலேட்டர் வழி போதும். பவளக்கல் பொலபொலவென்று உதிரும். மன்னார் வளைகுடா 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது, பவளப்பாறையை எடுப்பது இன்று குற்றம். உங்கள் சுவரில் உடைந்த கல்லுக்கு மாற்றுக் கல் எங்கும் வாங்க முடியாது. அந்தச் சுவர் அப்படியே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த இரண்டாவது ரவுட்டருக்கு இரண்டாயிரம் சுற்றி இருந்தால் போதும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும். லேன் துளைகள் கிகாபிட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்க வேண்டும். மலிவுப் பெட்டிகளில் அது 100 எம்பிபிஎஸ்-ஸோடு நின்றுவிடும், நாளைக்குத் திட்டத்தை 200 ஆக்கினால் பயனில்லை. ஐநூறு ஆயிரம் கூடக் கொடுத்தால் வைஃபை 6 கிடைக்குமென்றால் வாங்குங்கள். ஒரே நேரத்தில் பல போன் பேசும்போது அது நன்றாகச் சமாளிக்கும். ரிப்பீட்டர் என்று ஒன்று காட்டுவார்கள். சுவரில் செருகினால் போதும், கேபிள் வேண்டாம் என்பார்கள். மலிவான ரிப்பீட்டர் கேட்டதை அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். அதோடு சிக்னல் செத்த இடத்தில் செருகினால் அதற்கே ஒன்றும் கேட்காது. கேபிளுக்கு ஈடு இல்லை.

அமைக்கும்போது புது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’ (வாசல் பெட்டியின் நெட்டை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் மூன்று வேலை. வாசல் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் புதியதற்கு 192.168.1.2 கொடுங்கள். புதியதில் டிஎச்சிபி-யை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்தால் குழப்பம்தான். கேபிளை நீலமோ மஞ்சளோ தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் குத்தாமல், மற்ற லேன் துளை ஒன்றில் குத்துங்கள். இரண்டு பெட்டிக்கும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருக்கட்டும். 2.4-இல் மட்டும் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11 வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள்.

மாமி கட்டிலில் உட்கார்ந்தபடியே மகனோடு பேசிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டு வைஃபையில் பெயர் இரண்டாக வருகிறது. ஒன்றின் கடைசியில் ‘5ஜி’ என்று இருக்கிறது. அதற்கு 5ஜி போன் வேண்டுமா சார்?
— கல்லூரி மாணவன், பாம்பன்

பதில்: வேண்டாம் தம்பி. சிம் கார்டில் வரும் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. 2.4-இன் அலை நீளம் 12 சென்டிமீட்டர் சுமார், அது சுவரைக் கொஞ்சம் தாண்டும். 5-இன் அலை ஐந்தாறு சென்டிமீட்டர்தான், வேகம் அதிகம், ஆனால் சுவரில் மடிந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் 5-ஐப் பிடி, தள்ளியிருந்தால் மற்றதைப் பிடி. சிசிடிவி கேமராவும் பழைய டிவியும் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் அறியும்.

*

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடலைப் பார்த்த வீடு. நாலு வருடத்தில் மூன்று ரவுட்டர் போய்விட்டது. சூடாகக் கூடாது என்று ஜன்னல் திட்டில் காற்றோட்டமாகத்தான் வைக்கிறோம். தூசி படாமல் பிளாஸ்டிக் கவரும் போட்டோம். கம்பெனி மாற்றி மாற்றி வாங்கியும் இதே கதை. நல்ல கம்பெனி எது அண்ணே?
— வலைத்தொழிலாளி, தங்கச்சிமடம்

பதில்: எந்தக் கம்பெனிப் பெட்டியும் உங்கள் ஜன்னலில் பிழைக்காது தம்பி. இதை நான் எங்கள் அம்மா வீட்டில் கற்றுக்கொண்டேன். பாம்பனில் வடகடலைப் பார்த்த வீடு. நானே என் கையால் ஜன்னலோரம் மாட்டிவிட்டு வந்தேன். ஒன்றரை வருடம்தான். வாடைக்காற்று முடிந்த பிறகு போய்ப் பார்த்தால் லேன் துளைக்குள் எட்டு ஊசியும் பச்சை பூத்திருந்தன. களிம்பேறிய செம்புப் பாத்திரத்தில் வருமே, அதே பச்சை. கேபிளின் முனையைப் பிடுங்கினால் ஒரு ஊசி அதோடேயே வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன். பலகையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு. நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரிந்தது, உப்பு.

நடப்பது இதுதான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளியைக் காற்று தூக்கிவருகிறது. தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் பொருளின்மேல் தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அடுக்களையில் உப்பு ஜாடி நசநசத்துப் போவதைப் பார்க்கிறோமே, அதேதான். நம் கரையில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டிவிடும். அந்த உப்புநீர்ப் படலத்தின் வழியே கரண்ட்டும் ஓடினால் செம்பு வேகமாக அரிக்கப்படுகிறது. பிளாஸ்டிக் கவர் போட்டால் உப்பு உள்ளே போவது நிற்காது, சூடு வெளியே போகாது, உள்ளே வியர்க்கும். கவரைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டியை வீட்டின் நடு அறைக்குக் கொண்டுபோங்கள், கடல் பக்கத்து ஜன்னலுக்கும் அதற்கும் இடையில் ஒரு சுவராவது இருக்கட்டும். தோள் உயரத்தில் ஒரு மரத்தட்டு போதும். அதன்மேல் எதையும் வைக்கக் கூடாது. பெட்டியின் ஓட்டைகள்தான் அதன் மூக்கு. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இளஞ்சூடாக இருக்கும் பெட்டியில் ஈரம் தங்காது, அணைத்து வைத்தால்தான் தங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் லேன் துளையையும் கேபிள் முனையையும் மெல்லத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, போட்டுவையுங்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசியது மலிவாக வரும், நம் காற்றில் அது நிற்காது. வெளியிலிருந்து கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்கு வராது.

இன்னொன்று. போன மூன்று பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அவற்றில் ஒன்றாவது அடாப்டர் மட்டும் செத்ததாக இருக்கலாம். விளக்கே எரியவில்லையென்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்று வாங்கும்போது வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், 12 என்றால் 12. ஆம்பியர் பழையதைவிடக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. முனையின் நடுவில் ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்று ஸ்டிக்கரில் சின்ன வட்டப்படம் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ ரவுட்டரைத் தொடவே தொடாதீர்கள். வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். இழை எங்கோ மடிந்திருக்கும், அறுந்திருக்கும். இணைப்புக் கொடுத்தவர்தான் வரவேண்டும். ஃபைபர் இழையின் பச்சை முனையைக் கழற்றி விரலால் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் எண்ணெய் பட்டால் இருக்கும் வெளிச்சமும் மங்கிவிடும்.

*

கேள்வி: தம்பி, நான் தொண்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். புதிய ரவுட்டர் வாங்கிவிட்டேன். அமைத்துத் தருவதாகச் சொன்ன பேரன் ஊருக்குப் போய்விட்டான். நானே செய்யலாமா? கடவுச்சொல் எப்படி வைப்பது? கோளாறு வந்தால் பின்னால் உள்ள துளையில் குத்து என்கிறார்களே, குத்தலாமா?
— வாசகர், தொண்டி

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம் ஐயா. ஆனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், குத்தாதீர்கள். அந்தத் துளை பெட்டியில் எழுதி வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். சில நிறுவனங்கள் இணைப்புக்கென்று ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அதைப் பெட்டிக்குள் எழுதிவைத்திருப்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அதைக் குறித்துக்கொள்ளாமல் நான் குத்திவிட்டேன். சனிக்கிழமை மாலை. திங்கள் காலை வரை அந்த வீட்டில் நெட் இல்லை. அந்த வீட்டுப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் தேர்வு. இன்றுவரை மனதை உறுத்துகிறது. அதனால் முதல் வேலையாக நிறுவனத்துக்குப் போன் போட்டு அந்த விவரம் உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள். அதிலேயே முகவரியும் ஆரம்பக் கடவுச்சொல்லும் இருக்கும். உள்ளே போனதும் இரண்டு கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். ஒன்று வைஃபைக்கு, மற்றொன்று ரவுட்டருக்குள் நுழைவதற்கு. பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் பூட்டு மாற்றிவிட்டுச் சாவிக்கொத்தைத் திண்ணையில் வைப்பது போல அது.

வைஃபை கடவுச்சொல் 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். நீளம்தான் பலம். பேரன் பெயரும் பிறந்த வருடமும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். பனங்கிழங்கு, கரும்பலகை, நங்கூரம், தலையணை என்பது மாதிரி. உங்களுக்கு மறக்காது, அடுத்தவருக்குத் தோன்றாது. அச்சில் வந்துவிட்டதால் இதே நான்கை வைக்க வேண்டாம்.

பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது நல்லது. பழைய போன் ஏதாவது இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் வசதி இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். அதில் வரும் எட்டு இலக்க எண்ணை வெளியாள் கண்டுபிடிப்பது கடினமில்லை என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது. விருந்தாளிக்கென்று கெஸ்ட் நெட்வொர்க் தனியாகத் திறக்கலாம், உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லத் தேவையில்லை. ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அது ஓடும் சில நிமிடம் கரண்ட் போகக் கூடாது, அதனால் கரண்ட் போகும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டாம். எங்காவது சிக்கினால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.

*

கேள்வி: வாலிநோக்கத்தில் உப்பளத்தில் வேலை. என் வீட்டில் நெட் இருக்கிறது. அண்ணன் வீடு 200 மீட்டர் தள்ளி, நடுவில் பனங்காடு. லேன் கேபிள் இழுத்துவிடலாமா?
— வாசகர், வாலிநோக்கம்

பதில்: கூடாது. லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைவிடப் பெரிய காரணம் இடி. இரண்டு வீட்டுக்கு நடுவில் திறந்தவெளியில் கிடக்கும் செம்புக் கம்பியில், பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே போதும், மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு முனையிலும் இருப்பதைப் பொசுக்கிவிடும். பனைமரம் இடி வாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியில் மாட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் கருவி ஜோடியாகக் கிடைக்கிறது. ஒன்று உங்கள் மாடியில், ஒன்று அண்ணன் மாடியில், ஒன்றையொன்று நேர் பார்த்தபடி. ஆனால் நடுவில் ஓலை இருந்தால் வேலை செய்யாது. 200 மீட்டருக்கு நடுவழியில் இரண்டு கருவியையும் சேர்க்கும் நேர்க்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். காற்றில் ஆடும் மட்டையும் குறுக்கே வரக் கூடாது. மாடியில் ஏறி நின்று அண்ணன் வீட்டு மாடி முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் மரத்தை வெட்டாதீர்கள், அண்ணன் வீட்டுக்குத் தனி இணைப்பு எடுங்கள். இணைப்பைப் பகிர நிறுவனம் அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, அங்கே யார் என்ன செய்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கருவி மாட்டினால் இரும்புக் குழாய்க்கு எர்த் போடுங்கள். மாடியிலிருந்து இறங்கும் கேபிளுக்கு சர்ஜ் தடுப்பான் வையுங்கள். வானம் இருட்டினால் கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ரவுட்டரில் குத்தியிருக்கும் அந்த லேன் கேபிளையும் உருவி, ஒரு முழம் தள்ளிப் போட்டுவிடுங்கள்.